ஈஸ்ட் போடும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வீட்டிலேயே பீர் தயாரிக்கும் தானியங்கி மெஷின் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்கப் போகலாம், ஒரே வாரத்தில் பீர் ரெடி, இனி கடை வாசலில் நிற்க வேண்டாம் என்றெல்லாம் இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து, "உங்க வீட்ல இருக்கறது அந்த மெஷின்தானே சார், எங்க கிடைக்கும், எவ்ளோ ஆகும்" என்று கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது, லோன் போட்டாவது வாங்கலாமா என்று யோசிக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதே கட்டுரையில் தப்பாக வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், புதுச்சேரியில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு லிட்டர் பீர் காய்ச்சினாலும் அது குற்றம் என்ற ஒரு வரி எங்குமே இல்லை.

நான் தவளக்குப்பத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் பாகூர் பக்கம். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் ஊரோடு வந்து சேர்ந்தவன். அங்கே கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் பீர் காய்ச்சுவார்கள். நானும் அடுப்பில் பெரிய அண்டா வைத்து ஆரம்பித்து, அப்புறம் காசு சேர்த்து 20 லிட்டர் தானியங்கி மெஷின் ஒன்றை வாங்கினேன். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. முதல் முறை காய்ச்சும் முன் அந்த ஊர் சுங்க அலுவலகத்துக்கு, "நான் இன்னார், இந்த முகவரியில் என் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சப் போகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அவ்வளவுதான். ஆண்டுக்கு 200 லிட்டர் வரை வரி கிடையாது, விற்கக் கூடாது, இதுதான் அப்போது சட்டம். 2024 ஜனவரியிலிருந்து அந்த அளவை 500 லிட்டராக உயர்த்திவிட்டார்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதும் அந்த மாதிரி ஒன்றைத்தான், அதற்கு முன்னால் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்க அது நம் கல்யாண வீட்டு காபி பாய்லர் மாதிரி இருக்கும், உயரமான எவர்சில்வர் பாத்திரம். அடியில் ஹீட்டர், ஒரு பம்ப், பக்கத்தில் சின்ன திரை. உள்ளே இன்னொரு உருளை, அதற்கு மேலும் கீழும் சல்லடை. முளைகட்டி, காயவைத்து, ஒன்றிரண்டாக உடைத்த பார்லியை (இதைத்தான் மால்ட் என்கிறோம்) நாலரை கிலோ அந்த உருளைக்குள் கொட்டி மூட வேண்டும். வெளியே 23 லிட்டர் தண்ணீர். பம்ப் அந்தத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பார்லி வழியே தள்ளும், அது மேலே வழிந்து மறுபடி கீழே வரும். இந்தச் சுற்று ஒன்றரை மணி நேரம் ஓடும்.

சூடு எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அதற்குள் சில நொதிகள் உண்டாகின்றன, அவைதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். ஒன்றுக்கு 63 டிகிரி பிடிக்கும், இன்னொன்றுக்கு 72. 63-இல் அதிக நேரம் வைத்தால் பின்னால் போடப்போகும் ஈஸ்ட் (சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்) முழுசாகச் சாப்பிடக்கூடிய சர்க்கரை நிறைய வரும், பீர் மெலிசாக, வறண்டு இருக்கும். 68-க்கு மேலே கொண்டுபோனால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிஞ்சும், நாக்கில் கனமாக நிற்கும். 78-ஐ எட்டினால் நொதிகள் வேலையை நிறுத்திவிடும். ஐந்து டிகிரி தவறினால் பீரின் குணமே மாறிப்போகும் என்பதால், அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சிய காலத்தில் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நெருப்பைக் கூட்டிக் குறைத்து இடுப்பு ஒடிந்ததுண்டு. மெஷின் அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது. 63 என்று போட்டால் 63-இல் நிற்கும். சர்க்கரை ஆகிவிட்டதா என்று நான் இன்னமும் பழைய முறையில்தான் பார்ப்பேன்: வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு எடுத்து டிங்சர் அயோடின் விட்டால், மாவு மிச்சமிருந்தால் கருநீலமாகிவிடும், எல்லாம் மாறியிருந்தால் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். அந்தப் பழுப்பைப் பார்க்கும்போது வருகிற திருப்தி, பல வருஷம் ஆகியும் எனக்குக் குறையவில்லை.

அப்புறம் பீப் சத்தம் கேட்கும். உருளையைத் தூக்கி நிறுத்திச் சாற்றை வடிய விட வேண்டும். ஈரத்தோடு எட்டு கிலோவுக்கு மேல் கனம் இருக்கும், மெஷின் தூக்காது, நாம்தான் தூக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் கொதி. கொதிக்கும்போது ஹாப்ஸ் என்ற பூவைப் போடுவார்கள், கசப்புக்கும் வாசனைக்கும், கெடாமல் இருப்பதற்கும். நம் நாட்டிலேயே இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது. கொதித்து முடிந்ததும் சட்டென்று ஆறவைக்க வேண்டும், அது முடிந்ததும் கழுவ வேண்டும், பம்பு, குழாய், சல்லடை, ஒவ்வொன்றையும். பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்கலாம் என்று எழுதியவர் அந்தச் சல்லடையை ஒரு தரமாவது தேய்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கையில் இருப்பது பீர் இல்லை. இனிப்பான, இளம் பழுப்பு நிறத்தில் கமகமவென்று மணக்கும் மால்ட் சாறு, சொட்டுப் போதை கிடையாது. அதைப் பீர் ஆக்குவது ஈஸ்ட், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கட்டுரையில் இதுதான் முக்கால்வாசி விட்டுப்போயிருக்கிறது. சாதாரண ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகர் என்ற இன்னொரு வகை பீருக்கான ஈஸ்ட் என்றால் 8 முதல் 13 வரைதான். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும். மே மாதம் தவளக்குப்பத்தில் ராத்திரியிலேயே வீட்டுக்குள் 32 டிகிரி இருக்கும்போது அதை மூலையில் வைத்துவிட்டால், வார்னிஷ் வாடை அடிக்கிற, குடித்தால் தலையைப் பிளக்கிற ஒன்றுதான் கிடைக்கும். ஆக, மெஷின் விலையோடு அதற்கென்று தனி ஃப்ரிட்ஜ், சூட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஹீட்டர் மட்டும் 2000 வாட் இழுக்கும், கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

பொறுமை இல்லாமல் பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஹைட்ரோமீட்டர் இதற்கும் உண்டு. வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும். ஆரம்பத்தில் 1.050 காட்டுகிற சாறு, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுமுடித்ததும் 1.010 வாக்கில் வந்து நிற்கும், அந்த வித்தியாசத்திலிருந்து சுமார் ஐந்தேகால் சதவீத ஆல்கஹால் என்று கணக்கு. ஒரு தடவை 1.020-இல் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் நடுராத்திரி நிலவறையில் வெடிச் சத்தம். போய்ப் பார்த்தால் நாலு பாட்டில் சுக்குநூறு, கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவரில் குத்தி நின்றது. அந்த நேரத்தில் யாராவது உள்ளே இருந்திருந்தால் கண் போயிருக்கும். பீர் காய்ச்சுவதில் உண்மையான அபாயம் என்றால் இதுதான், அதைக்கூட எழுதாமல் மெஷினை மட்டும் புகழ்ந்தால் எப்படி?

சரி, இப்போது இங்கே நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டுவிட்டுப் போன இரண்டு பேரும் நான் வீட்டில் பீர் காய்ச்சுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்ட் போடும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். மால்ட் சாறோடு சரி. ஹாப்ஸ் போடுவதில்லை, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டால் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை குடிக்கிறார்கள். பார்லி மால்ட் கிடைக்காதபோது கேழ்வரகுக்குப் போனேன். 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்கவிட்டு, மொட்டைமாடியில் நிழலாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு உடைத்தால் அதுவும் மால்ட்தான். என் அம்மா எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அதே மாவு. மெஷினில் முதல் தடவை போட்டபோது சாறு தண்ணீராக வந்தது, அயோடின் சொட்டு கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போனது. கேழ்வரகின் மாவுச்சத்து வேக பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது பாதியைத் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, மீதியோடு கலந்து 65-இல் வைக்கிறேன், நன்றாக வருகிறது. ஆறவைப்பதுதான் இங்கே பெரும்பாடு. ஜெர்மனியில் குழாய்த் தண்ணீரை, சாற்றுக்குள் இறக்கிய சுருள் குழாய் வழியே விட்டால் அரை மணியில் 20 டிகிரிக்கு வந்துவிடும். இங்கே மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராக இருக்கிறது. அதனால் காய்ச்சும் நாளில் கடலூர் துறைமுகத்துக்குப் போய், மீனுக்குப் போடும் ஐஸ் பாதிக் கட்டி வாங்கிவந்து, வாளியில் உடைத்துப் போட்டு அந்த நீரைச் சுருளில் ஓட்டுகிறேன். மிஞ்சுகிற சக்கை பக்கத்து வீட்டுப் பசுவுக்கு. "மாடு உங்க கேட்டாண்ட வந்தா நகர மாட்டேங்குது சார்" என்று அந்த அம்மா சொல்கிறார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் இறக்கினால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவரும் ஒருவர்தான். நான் காய்ச்சும் மால்ட் சாறும் பதநீர் மாதிரிதான். மறந்துபோய் வெளியில் வைத்துவிட்டால் நம்ம ஊர் வெக்கைக்கு மூன்றாம் நாள் காற்றில் இருக்கும் ஈஸ்ட் விழுந்து தானாக நுரை கட்டும், இட்லி மாவு பொங்குவது போலத்தான். அந்த நுரையைப் பார்த்த அன்று பாத்திரத்தோடு தூக்கிச் சாக்கடையில் ஊற்றினேன். 20 லிட்டர். ஏழு மணி நேர வேலை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, சமையலில் மனசு வைப்பவர்களுக்குப் புரியும்.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், கள்ளுக்கும் 1987-இலிருந்து தடை. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டி புதுச்சேரிப் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே கள்ளுக்கடை உண்டு, சாராயக்கடை உண்டு, தெருவுக்குத் தெரு ஒயின்ஷாப் உண்டு, ஓட்டலிலேயே பீர் காய்ச்சி ஊற்றும் மைக்ரோ ப்ரூவரியும் வந்துவிட்டது. எல்லாம் 1970-ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டத்துக்குள் நடப்பவை, எல்லாமே விற்பனைக்கு. விற்காமல், தன் வீட்டில், தனக்கென்று 20 லிட்டர் காய்ச்சிக்கொள்கிறவனுக்கு மட்டும் அதில் இடமில்லை. இத்தனை கடைகளைத் தாங்குகிற ஊருக்கு ஒரு அண்டா பாரமா?

இதைப் பேசினாலே கள்ளச்சாராயச் சாவுகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். மரக்காணம் நமக்கு எவ்வளவு தூரம்? அந்த வீடுகளின் கதையைப் படித்தவர்கள் யாரும் இந்த விஷயத்தை லேசாகப் பேச முடியாது, நானும் பேசவில்லை. ஆனால் அவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் ஸ்பிரிட்டை, காசுக்காகப் பாக்கெட்டில் ஊற்றி விற்றார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்லியை ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது, மிகமிகக் கொஞ்சம், அதுவும் காய்ச்சி வடித்துத் திரட்டாததால் சேரவும் சேராது. பீரில் கிருமி புகுந்தால் புளித்துப்போகும், நாறும், வாயில் வைக்க முடியாது, அவ்வளவுதான். காய்ச்சி வடிக்கும் சாராயத்தையும் நொதிக்கவைக்கும் பீரையும் ஒரே பெட்டியில் போட்டு அடைப்பது சரியில்லை. வடிப்பதற்கு யாருக்கும் எந்த அனுமதியும் கொடுக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொரு கேள்வி, குடி பெருகாதா என்பது. என் சித்தப்பா ஒருவர் குடியால் போனவர். கடைசி வருஷம் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் நான், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைப் போன்றவர்களுக்குக் காலையில் கை நடுங்க ஆரம்பித்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் வேண்டும். ஆறு மணி நேரம் காய்ச்சி, இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பாட்டிலில் வைத்து, ஒரு மாதம் கழித்துக் குடிக்கிற பண்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். ஜெர்மனியில் காய்ச்சிய அத்தனை வருஷத்திலும் நான் குடித்தது ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், பாதிக்கு மேல் நண்பர்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், தேதி, சூடு, நேரம், ருசி எல்லாம். நோட்டு இன்னும் இருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே அஸ்ஸாம் போன்ற இடங்களில் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுக்கென்று அரிசி பீர் ஆக்கிக்கொள்ளச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சிக்கிமில் கேழ்வரகை நொதிக்கவைத்து மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுவார்கள். நமக்கும் புதிதில்லை, நெல்லில் ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று சங்கப் பாட்டில் பெயரே இருக்கிறது. அதே சமயம் ஜப்பான் மாதிரி வளர்ந்த நாட்டில்கூட வீட்டில் ஒரு சதவீத ஆல்கஹாலை எட்டினாலே குற்றம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் 1978-இல்தான் மத்திய அரசு இதற்கு வழிவிட்டது, அங்கேயும் கடைசி இரண்டு மாநிலங்கள் 2013 வரை இழுத்தடித்தன. ஆகவே நாளைக்கே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கேட்பது இதுதான். புதுச்சேரி அரசு வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு பீர் அனுமதிச் சீட்டு கொண்டுவரட்டும். ஒரு வீட்டுக்கு ஒன்று, ஆண்டுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் போதும். கட்டணம் வாங்கட்டும். விற்றால் ரத்து, வழக்கு. வடிக்கும் பாத்திரம் வீட்டில் இருந்தால் அதற்கும் வழக்கு. கலால் ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து நோட்டைப் பார்க்கட்டும், ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கட்டும். தானியங்கி மெஷின்கள் சிலவற்றில் ஒவ்வொரு முறை காய்ச்சியதும் பதிவாகிவிடும், கணக்கை மறைப்பது அண்டாவைவிட அவற்றில் கஷ்டம். இந்தக் கடிதத்தின் நகலைக் கலால் துறைக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, இங்கே இன்றைய சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது என்று அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், அந்தப் புது மாப்பிள்ளை லோன் வாங்குவதற்குள் வந்தால் நல்லது. இரண்டு, வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேழ்வரகு போடுகிறேன். உங்கள் நிருபர் வந்து பார்க்கலாம். அவரே உருளையைத் தூக்கிப் பார்க்கட்டும், அயோடின் சொட்டையும் அவரே விடட்டும். கடலூர் பக்கமிருந்து வருகிறவரானால், வரும் வழியில் துறைமுகத்தில் பாதிக் கட்டி ஐஸ் எடுத்துவரச் சொல்லுங்கள், காசு நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தவளக்குப்பம், புதுச்சேரி